கொசுறுக்கு விலை வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம்களை வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அவற்றை இணையத்தில் விற்கும் கடைகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

டிஎல்சி என்ற பெயரில், ஒரு கேமுடன் பதிவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதிகளாக நீங்கள் விற்கும் இணைப்புகளில் பெரியவற்றைப் பற்றி இம்மடலில் எனக்குப் பேச்சில்லை. ‘விட்சர் 3’ கேமுக்கு 2016இல் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ போல, ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடும் ஒன்றை வாங்கலாமா என்று பெரும்பாலோர் நெடுநேரம் யோசிப்பதில்லை. இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய இணைப்புகளுக்குக் காசு கொடுக்கலாமா என்பதுதான் விளையாடுவோரிடையே தீராத வழக்கு. கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளும் வழியை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பதே என் முறையீடு.

இந்த வழக்கின் தொடக்கத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2006 ஏப்ரலில் ‘ஆப்ளிவியன்’ கேமுக்காக பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட குதிரைக் கவசத்தின் விலை எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியில் இரண்டரை டாலர். கதை இல்லை, புதிய இடம் இல்லை. குதிரைக்கு ஓர் அலங்காரம், அவ்வளவே. எங்கள் ஊர்க் காய்கறிக் கடைகளில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழும். அதற்குத் தனியாக விலை கேட்கும் கடைக்காரரை அந்தத் தெரு நெடுநாள் பேசும். அப்படித்தான் அந்தக் கவசத்தையும் இருபது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2025இல் ‘ஆப்ளிவியன்’ புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, கூடுதல் விலைப் பதிப்பில் மீண்டும் குதிரைக் கவசங்களைச் சேர்த்திருந்தார்கள். பழைய கேலியையும் விற்கத் தெரிந்தவர்கள்! இதற்கு மாறாக, சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் ‘விட்சர் 3’ வாங்கிய எல்லோருக்கும் 16 சிறிய இணைப்புகளை இலவசமாகக் கொடுத்தது. கொசுறு என்றால் அது கொசுறு.

அலங்காரத்தை விட்டுக் கதைக்கு வருகிறேன். 2014 பிப்ரவரி 14 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமின் இணைப்பாக ‘லெஃப்ட் பிஹைண்ட்’ 15 டாலருக்கு வந்தது. முதன்மைக் கேமின் விலை 60 டாலர். அது சுமார் பதினைந்து மணி நேரம் ஓடும். மணிக்கு நான்கு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்போ இரண்டு மணி நேரத்தை ஒட்டியது, அதாவது மணிக்கு ஏழரை டாலர். மளிகைக் கணக்கில் பார்த்தால் இது நட்டம்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பதைப் பாருங்கள். முதன்மைக் கேமின் இறுதியில் எல்லி என்ற சிறுமி, ரைலி என்ற தோழியைப் பற்றி ஓரிரு சொற்களில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவாள். அந்த ஓரிரு சொற்களுக்குள் இருந்த நாளை ‘லெஃப்ட் பிஹைண்ட்’ திறந்து காட்டுகிறது. கைவிடப்பட்ட வணிக வளாகம் ஒன்றில் இருவரும் முகமூடி மாட்டிப் பார்க்கிறார்கள், ராட்டினக் குதிரை ஏறுகிறார்கள், தண்ணீர்த் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் பழுதாகிக் கிடக்கும், காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்தின் முன் எல்லியைக் கண்களை மூடச் சொல்லி, அதில் நடந்திருக்கக்கூடிய சண்டையை ரைலி வாயாலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஓடாத ஒரு கேமை இருவரின் கற்பனையில் ஓடவிடும் அந்தச் சில நிமிடங்களை இருபது மணி நேரத்துக்கு நீட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். 2015இல் கதைக்கான பாஃப்டா என்ற பிரிட்டன் விருது இந்தச் சிறிய இணைப்புக்குக் கிடைத்தது என்பதையும் மளிகைக் கணக்குக்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

‘பயோஷாக் 2’க்கு 2010இல் 10 டாலருக்கு வந்த ‘மினெர்வாஸ் டென்’ இன்னொரு சான்று. சில மணி நேரத்தில் முடியும் அந்த இணைப்பில் பணியாற்றிய சிலர் பிறகு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கி, 2013இல் ‘கான் ஹோம்’ என்ற இன்னொரு சிறிய கேமை உருவாக்கினார்கள். சிறிய அளவில் முழுமையான ஒன்றைச் சொல்லும் பழக்கத்துக்கு அந்த இணைப்பு களமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே நீளம் குறைவு என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. முதன்மைக் கேமிலிருந்து அறுத்தெடுத்ததைத் தனியே விற்பதுதான் பொறுக்க முடியாதது. 2008இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கதையை அந்தரத்தில் விட்டு முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தக் கதையின் தொடர்ச்சி தனி விலையில் வந்தது, அதுவும் கணினியில் விளையாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012இல் ‘அசுராஸ் ராத்’ தன் உண்மையான முடிவையே டிஎல்சியாக விற்றது. அதே ஆண்டு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ வட்டிலேயே 12 கதாபாத்திரங்கள் பூட்டப்பட்டுக் கிடந்தன. வீட்டுக்குள் வந்துவிட்ட பெட்டிக்குச் சாவி மட்டும் தனி விலை.

இனி கடைக்காரர்களுக்கு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 முதல் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி உள்ளது. டிஎல்சிக்கான விதிப்படி, வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், வாங்கியபின் முதன்மைக் கேமை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். கடிகாரம் எண்ணுவது முதன்மைக் கேமின் நேரத்தை. ‘டார்க் சோல்ஸ்’ கேமின் ‘ஆர்ட்டோரியாஸ் ஆஃப் தி அபிஸ்’ பகுதிக்குள் நுழைய, ஓர் ஏரிக்கரைப் பொன்னிறப் பூதத்தை வீழ்த்தி, வேறொரு கோட்டையில் உடைந்த பதக்கம் ஒன்றைத் தேடி எடுத்து, மறுபடி அதே ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட இணைப்பின் வாசலைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். பிளேஸ்டேஷன் கடையிலோ பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது.

தள்ளுபடியில் முந்நூறு ரூபாய்க்கு நான் வாங்கிய ஓர் இணைப்பு, கதையின் பாதியில் இருந்த பழைய சேவ் கோப்பு, அதாவது விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் கோப்பு, இல்லாமல் திறக்கவே இல்லை. அந்தக் கோப்பை நான் அழித்து ஓராண்டு ஆகியிருந்தது. விற்பனைப் பக்கத்தில் படங்களும் பாராட்டுகளும் இருந்தன. இந்த ஒரு செய்தி மட்டும் இல்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. வரப்போகும் இணைப்புகளுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் சீசன் பாஸ் விற்போர் அதில் என்னென்ன அடங்கும், எப்போது வரும் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும் என்று ஸ்டீம் 2024 நவம்பரில் தெளிவாக விதித்தது. அந்த ஒழுங்கைத் தனித்தனி இணைப்புகளுக்கும் நீட்டி, ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஓடும், எங்கிருந்து நுழைவது, எந்தச் சேவ் கோப்பு தேவை என்பவற்றை விலைக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பணம் திருப்பித் தருவதற்கான கடிகாரமும் இணைப்புக்குள் நுழைந்த பிறகே ஓடட்டும்.

இன்னொன்று. நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. ‘ஃபயர் எம்பளம் அவேக்கனிங்’ கேமின் கேட்ரிட்ஜை இன்றும் பழைய பொருளாகத் தேடி வாங்கலாம். அதற்கெனத் தனியே விற்கப்பட்ட சிறு அத்தியாயங்களை அன்று வாங்காதவர்கள் இனி வாங்கவே முடியாது. அடுத்த கடையை மூடுவதற்கு முன்பாவது, இத்தகைய இணைப்புகளை முதன்மைக் கேமுடன் சேர்த்து ஒரே பதிப்பாக வெளியிட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்தவன்தான் என்றாலும், அந்தப் பதிப்பை மறுபடி வாங்கத் தயங்க மாட்டேன்.

இப்படிக்கு,
சிறிய இணைப்புகளைத் தொடர்ந்து வாங்கிவரும் ஒருவன்