உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தப்பட்ட நடைப்பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதில் நானும் நடந்தேன். நன்கொடை தந்தவர்களையும் ஏற்பாடு செய்தவர்களையும் செய்தி பாராட்டியிருந்தது முறையே. ஆனால், காலையில் தொடங்க வேண்டிய நடை, உரைகள் நீண்டதால் பத்து மணிக்கு மேல், அதாவது புற ஊதாக் கதிர்கள் உக்கிரமடையும் நேரத்தில்தான் புறப்பட்டது. எல்லோருக்கும் கையில்லாத பனியன் கொடுத்திருந்தார்கள். தொப்பிகளோ நடை முடிந்த பிறகு வந்து சேர்ந்தன. இதைக் குறையாகச் சொல்வதைவிட, அடுத்த முறைக்கான நினைவூட்டலாகவே சொல்கிறேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. அங்கே வைத்திருந்த பதாகைகள் அனைத்திலும் வெளுத்த தோலின் மீதிருக்கும் மச்சத்தின் படமே இருந்தது. வெளிர்நிறத் தோலுள்ளவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் கருத்த தோலுள்ளவர்களுக்கு வரும் மெலனோமா (தோலின் நிறமி அணுக்களில் தோன்றும் புற்றுநோய்) பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் தோன்றுகிறது என்பதை ஒரு பதாகைகூடச் சொல்லவில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது இந்த வகைதான். கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல் அவர் இறந்தபோது அவருக்கு வயது 36.

என் பெரியம்மாவுக்கு இடது குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. காலாணி என்று நினைத்து, பிளாஸ்திரி ஒட்டுவதும் சீவிவிடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டார். நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதன் ஓரம் மை ஊறிய காகிதம்போல ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது இப்போது நினைக்கையில் தெளிவாகத் தெரிகிறது. திசுப் பரிசோதனை செய்து மெலனோமா என்று தெரிந்தபோது, அது பரவித் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. அதன்பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை.

நகத்தடியில் அடிபட்டு ரத்தம் கட்டினால், நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னோக்கி நகர்ந்து கடைசியில் வெளியேறிவிடும்; கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். நகராமல் நின்று அகலமாகிக்கொண்டே போகிற கருங்கோடும், நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுகிற கறுப்பும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஆயிரக்கணக்கில் அடி எடுத்து வைத்துவிட்டுக் கொப்புளம் இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிப் பார்க்கும் கூட்டத்துக்கு இதைச் சொல்ல நடை முடியும் இடத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

திரண்ட நிதியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மெலனோமா ஆராய்ச்சி வீண்போகவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டுகிற, 2011இல் ஒப்புதல் பெற்ற இபிலிமுமாப் மருந்துக்கு வழிவகுத்த அறிவியலாளர் ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோவுடன் 2018இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். மூளை வரை பரவிய மெலனோமாவுக்கு 2015இல் கதிர்வீச்சோடு நோயெதிர்ப்பு மருந்தும் பெற்ற முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், நூறு வயதைக் கடந்த பிறகே, 2024 டிசம்பரில் காலமானார். ஆனால் இதே மருந்துகள் உள்ளங்கால், நகத்தடி வகைக்கு அந்த அளவுக்குப் பலனளிப்பதில்லை. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் ஏராளமாக இருப்பதால் உடலின் எதிர்ப்பணுக்கள் அதை எளிதில் அடையாளம் காண்கின்றன. உள்ளங்கால், நகத்தடி வகையில் அந்த மாற்றங்கள் குறைவு. பெரிய மருந்துச் சோதனைகளில் இந்நோயாளிகள் சிறுபான்மையாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆகவே, திரட்டிய தொகையில் ஒரு பகுதியை இவ்வகை ஆராய்ச்சிக்கென ஒதுக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு சேர்ந்தது, ஏற்பாட்டுச் செலவுக்கு எவ்வளவு போனது, எந்த ஆய்வுக்கு எவ்வளவு தரப்பட்டது என்ற கணக்கையும், நடைச் செய்தி வந்த அதே பக்கத்தில் தாங்கள் வெளியிட்டால், நடந்தவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களுள் ஒருவன்