பெயிண்ட்டுக்கு அடியில இருக்கிற தகட்ட பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய காருங்கள மீட்டெடுக்கிறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் கண்ண பறிச்சுது, ஆனா துருவ பத்தி மட்டும் மொத்தமே ரெண்டு வரி தான் இருந்துச்சு, தேச்சு எடுத்துட்டு, பள்ளத்த நிரப்புற பட்டிய போட்டு பெயிண்ட் அடிச்சா போதும், ரொம்ப மோசமா இருந்தா பேனலையே கழட்டிட்டு புதுசு போட்டுக்கலாம்னு. இந்த ரெண்டு வரிய நம்பி யாராவது வேலைய ஆரம்பிச்சிட்டா அந்த வண்டி என்ன ஆகும்னு நான் அனுபவிச்சு தெரிஞ்சுக்கிட்டவன், அதனால தான் இந்த லெட்டர்.

என்கிட்ட 1950கள்ல வந்த ஃபியட் 1100 ஒண்ணு இருக்கு. முதல் தடவ ஒரு ஒர்க் ஷாப்ல டிங்கரிங் முடிச்சு கொடுத்தப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது மழைக்காலம் முடியறதுக்குள்ள கதவுக்கு கீழ பெயிண்ட்ல கடுகளவு ஒரு குமிழி, அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு. கட்டை விரலால அழுத்தி பாத்தேன், அமுங்குச்சு. ஸ்க்ரூ டிரைவர வெச்சு லேசா தள்ளினேன், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. பேத்து பாத்தா விரல் தடிமனுக்கு பட்டி, அதுக்கு பின்னாடி கம்பி வலையும் கசங்குன பேப்பரும், அதுக்கும் பின்னாடி கையில எடுத்தா பொடிப்பொடியா உதிர்ற துரு, தகடுன்னு சொல்றதுக்கு அங்க எதுவுமே இல்ல. அன்னைக்கு வந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

துரு வெளிய இருந்து உள்ள போகுதுன்னு தான் பல பேர் நினைக்கிறாங்க, பழைய காருல பெரும்பாலும் நேர் மாறா நடக்கும். கண்ணாடி ரப்பர் வழியா எறங்குற தண்ணி கதவோட அடிப்பக்கத்துக்கு போய் நிக்கும், அது வெளியேறதுக்குன்னு கம்பெனிலயே விட்ட ஓட்டைய மண்ணு அடைச்சிருக்கும். கதவுக்கு கீழ நீளமா ஓடுற சில் பெட்டி மாதிரி மூடினது, அதுக்குள்ள ஈரம் போனா காயவே காயாது. ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற இடம் இன்னும் மோசம், இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு பருத்துக்கும், அந்த அழுத்தத்துல ஸ்பாட் வெல்டிங் பண்ணின ஜாயிண்ட்டே வாயப் பொளந்துடும். குமிழி தெரியும்போது உள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும். பழைய வண்டி வாங்குறவங்க ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி சில், மட்கார்டு விளிம்பு, கதவு அடி எல்லாத்துலயும் வெச்சு பாருங்க, நல்ல தகடுன்னா பிடிக்கும், பட்டி கனமா இருந்தா நழுவும்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல சார். பழைய வண்டி எல்லாத்துக்கும் கீழ பாரத்த தாங்குற சட்டம், அதான் சேசிஸ், தனியா இருக்கும்னு நினைக்கிறாங்க, 1922ல லான்சியா லாம்ப்டா, 1934ல சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாங்னு பாடியே பாரத்த தாங்குற வண்டிங்க அப்பவே வந்தாச்சு, 1953ல இருந்து வந்த ஃபியட் 1100ம் அப்படித்தான். என் வண்டியில முன் கதவு பின் கதவு ரெண்டோட கீலும் நடுத் தூண்ல இருக்கும், அந்த தூண் நிக்கிறது சில்லு மேல. சில் உளுத்துப்போச்சுன்னா கதவு தொங்கும், வண்டி நடுவுல வளையும், மோதல்னு ஒண்ணு வந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு பாதுகாப்பே இல்ல. அங்க பட்டிய போட்டு மறைக்கிறது பெரிய தப்பு.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே கதவு வாசலுக்கு குறுக்க கம்பியோ பைப்போ வெச்சு டேக், அதாவது சின்ன புள்ளி வெல்ட், அடிச்சு முட்டு கொடுக்கணும். வண்டியோட பாரம் சக்கரம் மேல நிக்கிற மாதிரியே சமமா நிக்கணும், நடுவுல ஜாக்கி கொடுத்து தூக்கிட்டு சில்ல வெட்டிட்டா பாடி எறங்கிடும், அந்த நிலையில வெல்ட் பண்ணிட்டா கோணல் நிரந்தரமாயிடும். நான் ஒரு பக்கத்த முழுசா முடிச்சிட்டு தான் அடுத்த பக்கத்த தொட்டேன், ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல கதவ மாட்டி இடைவெளிய அளந்து பாத்தேன், பொறுமை போகும், ஆனா வேற வழி கிடையாது.

எவ்வளவு வெட்டணும்ங்கறதுல தான் கட்டுரையோட எனக்கு சண்டையே. துரு இருக்கிற வரைக்கும் வெட்டணும், பளிச்சுனு நல்ல இரும்பு தெரிஞ்சதும் நிறுத்தணும். அதுக்கு மேல வெட்டினா அந்த வண்டியோட சொந்த தகட்ட நாம தான் வீணாக்குறோம். அந்த காலத்து பாடி நிறைய கைவேலை, இடது பக்கமும் வலது பக்கமும் சில மி.மீ. வித்தியாசப்படும், வெளிய கிடைக்கிற புது பேனல் நேரா போய் உக்காராது, அத இழுத்து வளைச்சு அடிச்சு உக்கார வெக்கறதுக்குள்ள கதவுல இருந்து மட்கார்டுக்கு ஓடுற அந்த கோடு உடைஞ்சிடும். அட்டையில அச்சு எடுத்து வெச்சிக்கிட்டு, கெட்ட பாகத்த மட்டும் வெட்டி, அதே தடிமன்ல, பெரும்பாலும் 1 மி.மீ. பக்கம் இருக்கும், தகடு வளைச்சு போட்டா பழைய உருவம் அப்படியே நிக்கும். பேனலே சல்லடையா போயிருந்தா மாத்தி தான் ஆகணும், அத நான் மறுக்கல.

துரு மேலயே புது தகட்ட வெச்சு சுத்தி வெல்ட் அடிக்கிறத தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல தண்ணிய பூட்டி வெக்கிற வேலை அது. வெளி பேனல்ல ஓரத்தோட ஓரம் சேர்த்து மிக் வெல்டிங்ல 0.6 மி.மீ. கம்பி வெச்சு புள்ளி புள்ளியா டேக் அடிக்கணும், இங்க ஒண்ணு, தள்ளி அங்க ஒண்ணு, தகடு ஆறினதும் அடுத்தது. ஒரே இழுப்பா இழுத்தா தகடு சூட்டுல நெளிஞ்சு அலை அலையா ஆயிடும், அப்புறம் அந்த அலைய மறைக்க மறுபடியும் பட்டி. இன்னொண்ணு, பழைய ஜாயிண்ட்டுங்கள்ல ஈயம் கலந்த உலோகத்த உருக்கி நிரப்பியிருப்பாங்க, அங்க கிரைண்டர் போடக்கூடாது, அந்த தூசி விஷம். துத்தநாகம் (ஜிங்க்) பூசின தகடா இருந்தா வெல்ட் பண்ற இடத்துல பூச்ச எடுத்துடணும், அந்த புகைய சுவாசிச்சா குளிர் காய்ச்சலே வரும். பெட்ரோல் டேங்க் வண்டியில இருக்கிறப்ப வெல்டிங் பண்ணவே கூடாது.

வெல்ட் முடிஞ்சதும் வேலை முடிஞ்சதா எல்லாரும் நினைச்சிடறாங்க. வெறும் தகட்டுக்கு முதல்ல ஈரம் படாம காக்குற எப்பாக்ஸி பிரைமர், அதுக்கு மேல தேவைன்னா மட்டும் மெல்லிசா பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிஞ்சப்புறம் சில்லுக்குள்ள நீளமான குழாய் விட்டு மெழுகு அடிக்கணும், தண்ணி போற ஓட்டை திறந்திருக்கான்னு கம்பி விட்டு பாக்கணும். இந்த மெழுக என் வண்டிக்கு முதல் தடவையே அடிச்சிருந்தா கூட கொஞ்சம் தகடு தப்பிச்சிருக்கும்.

பழைய வண்டிங்களுக்கான உலக அமைப்பு ஃபிவா, 1966ல ஆரம்பிச்சது, அவங்களோட டூரின் சாசனமும் இதே திசையில தான் பேசுது, முடிஞ்ச வரைக்கும் பழசையே காப்பாத்துங்க, என்ன மாத்துனீங்கன்னு பதிவு பண்ணி வெய்யுங்கன்னு. அடுத்த தடவ நீங்க இந்த மாதிரி வண்டிங்கள பத்தி எழுதும்போது பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி வெல்ட் தழும்போட இருக்கிற படம் ஒண்ணாவது போடுங்க சார். என் வண்டியோடது இருக்கு, வெட்டி எடுத்த பழைய சில் துண்டையும் எடுத்து வெச்சிருக்கேன், கேட்டா படம் எடுத்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர்