யூதர்கள் எதையும் தொலைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'மூடநம்பிக்கையால் யூதர்கள் தங்கள் கடவுளின் பெயரையே தொலைத்துவிட்டார்கள்' என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தங்கள் பார்வைக்கு வந்த பிறகும் அது எப்படி அச்சேறியது?

கடவுளின் பெயர் எபிரேயத்தில் நான்கு எழுத்துகள் (ய-ஹ-வ-ஹ). எபிரேய மறைநூலில் அந்த நான்கு எழுத்துகள் 6,800 தடவைக்கு மேல் வருகின்றன. வாசிப்பவர் அந்த இடம் வந்ததும் மரியாதையால் அதை உச்சரிக்காமல் 'அதோனாய்', என் ஆண்டவர், என்று வாசிப்பார். சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்', அதாவது 'அந்தப் பெயர்'. தோலில் கையால் தோரா என்னும் மோசேயின் திருச்சட்ட நூலை எழுதுபவர் அந்தப் பெயரை எழுதும்போது அரசனே வந்து வாழ்த்துச் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. எழுதிய பெயரைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஏடு நைந்துபோனால் குப்பையில் போடாமல் எடுத்துவைத்து மண்ணில் அடக்கம் செய்வார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்து கிடந்தவற்றில் ஏறத்தாழ இரண்டு லட்சம் துண்டுகள் இன்று கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. தொலைத்தவர்கள் இப்படியா பாதுகாப்பார்கள்?

எருசலேம் கோயில் இருந்த காலத்தில், பாவப் பரிகார நாளன்று தலைமைக் குருவின் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும்போது மக்கள் தரையில் விழுந்து வணங்குவார்கள். கி.பி. 70இல் கோயில் இடிந்தது. அதன் பிறகும் ஆசிரியர் மாணவருக்கு ஏழாண்டுக்கு ஒரு முறை அந்த உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்ததாக யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூது சொல்கிறது.

என் ஆச்சி தாத்தாவின் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாத்தா பெயர் சூசை. 'இயேசு மரி சூசையே' என்று வீடே செபிக்கும்போது ஆச்சி 'இயேசு மரி' வரைக்கும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். ஆச்சி அந்தப் பெயரைத் தொலைத்துவிட்டார் என்று எங்கள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டோம்.

'யேகோவா' என்பதே மூல உச்சரிப்பு என்றும் கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். 'அதோனாய்' என்று வாசிக்க நினைவூட்டுவதற்காக அச்சொல்லின் உயிர்க்குறிகளை நான்கு எழுத்துகளோடு சேர்த்து எழுதினார்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வாசித்ததில் பிறந்த வடிவம் அது. தாங்கள் அறியாததல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வழிபாட்டுப் பாடல்களிலும் செபங்களிலும் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று 2008இல் உரோமையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பாடற்குழுவில் அந்தப் பெயர் 'யாவே' என்று வரும் இடத்தில் 'ஆண்டவரே' என்று பாடலாமே என்றேன். மெட்டு கெட்டுவிடும் என்று என்னைத்தான் ஒதுக்கினார்கள். அதைப் பற்றித் தங்களுக்கு அப்போது எழுதிய கடிதம் வெளிவரவேயில்லை. பிறகு என் தங்கை நோயில் படுத்திருந்தபோது, அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்தால் சுகம் நிச்சயம் என்று சிலர் துண்டுப் பிரசுரத்தோடு வீட்டுக்கே வந்தார்கள். அவள் மூச்சு வாங்க வாங்கச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டிருந்தார்கள். பெயரை வீணாகப் பயன்படுத்தாதே என்ற கட்டளையை இவர்கள் வாசித்ததே இல்லையா? அதனால்தான் தங்கள் இதழில் உச்சரிப்புக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்ததைப் பார்த்து எனக்குக் கொதித்தது.

பெயரின் பொருளுக்கோ கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை. விவிலியத்தில் விடுதலைப் பயணம் என்னும் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் மோசே பெயர் கேட்கிறார். 'இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே' என்று பதில் வருகிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், பார்வோனிடம் போகப் பயந்து நின்றவருக்கு 'நான் உன்னோடு இருப்பேன்' என்று சொன்னதும் அதே எபிரேய வினைச்சொல்தான். அடிமைகளாகக் கிடந்த மக்களுக்கு, கூடவே இருப்பேன் என்று கொடுத்த வாக்கு அது. என் தங்கையின் கட்டிலருகே யாராவது அதை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இயேசுவும் 'உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக' என்றுதான் செபிக்கச் சொன்னார். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பழைய ஏற்பாட்டை எடுத்தாளும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் கிரேக்கத்தில் 'ஆண்டவர்' என்றே எழுதினார்கள். அவர்களுக்கும் மூடநம்பிக்கையா?

அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரே கட்டுரையில் யேகோவா, யெகோவா, ஜெகோவா என்று மூன்று விதமாக அச்சிட்டிருப்பதையும் மெய்ப்புப் பார்ப்பவரிடம் சொல்லி ஒரே மாதிரி ஆக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தூத்துக்குடி