பாப்பாவுக்கு, அந்த ஷூ பத்தி

கண்ணு, மூணு நாளா போன் எடுக்கல, சரி, கோவம் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன், நேரம் கெடைக்கறப்ப படி. நீ விட்டுட்டுப் போன ஸ்பைக்ஸ், அதான் அந்த ஆணி வெச்ச ஓட்ட ஷூ, இன்னும் கதவுக்குப் பின்னால அதே கேரி பேக்லதான் கெடக்கு. அடியில செவப்பு ட்ராக் ரப்பர் துணுக்கு ஒட்டிருக்கு, இடது ஷூ லேஸ்ல ரத்தம் காஞ்சிருக்கு, அம்மா தொடவே மாட்டேங்கறா.

வீடியோல நீ ரேஸ்ல விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு ஹிச்சாம் எல் குரூஜ்தான் ஞாபகம் வந்தாரு, மொராக்கோ ஓட்டக்காரர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக், 1500 மீட்டர் ஃபைனல், கடைசி லேப் மணி அடிக்கப்போற நேரம், முன்னால ஓடுன அல்ஜீரியாவோட மோர்செலி கால்ல தட்டி விழுந்தாரு, எந்திரிச்சு ஓடி கடைசியா 12ஆவதா வந்தாரு. அழுத போட்டோவை ரூம்ல மாட்டி வெச்சிருந்தாராம். எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் படுது, நீ அப்படியெல்லாம் மாட்டாத.

இந்தக் கதை சொல்றவங்க எல்லாம் அங்கிருந்து நேரா அவரு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல ஜெயிச்சதுக்குப் போயிடுவாங்க, நடுவுல 2000 சிட்னி ஒலிம்பிக் இருக்கே. 1998ல ரோம்ல 1500 மீட்டர் உலக ரெக்கார்டு, 3 நிமிஷம் 26 செகண்ட், இன்னும் யாரும் உடைக்கல, அடுத்த வருஷம் அதே ஊர்ல மைல் ரெக்கார்டு, உலக சாம்பியன்ஷிப் 97லயும் 99லயும் ஜெயிச்சாச்சு, அப்ப 2000ல யாரு ஜெயிப்பான்னு கேள்வியே இல்லன்னு இருந்தாங்க, கடைசி நேர்ப்பாதையில கென்யாவோட நோவா ங்கெனி தாண்டிட்டாரு, கால் செகண்ட் வித்தியாசத்துல. அன்னிக்கு காலு தட்டல, யாரும் இடிக்கல, சும்மா தோத்தாரு. விழுந்ததை விட அதுதான் வலிச்சிருக்கும்னு எனக்குத் தோணும்.

2004ல கூட 1500 தங்கம் லேசுல வரல, கென்யாவோட லகாட் பக்கத்துல வந்து மூக்கு நுனி முந்தவும் செஞ்சாரு, இவரு பல்லைக் கடிச்சுட்டு மறுபடி முந்தி 0.12 செகண்ட்ல ஜெயிச்சாரு. நாலு நாள் கழிச்சு 5000 மீட்டரும்.

உனக்கும் மெடல் வரும்னு நான் சொல்ல வரல, எனக்கெப்படித் தெரியும். இனி ஓடவே வேண்டாம்னு இருந்தாலும் வீட்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம், அம்மா கிட்டயும் சொல்லிட்டேன். முழங்கால் தையலைப் பிரிக்க செவ்வாக்கெழமை மறக்காம போயிடு. ஷூவைக் கழுவி கொரியர்ல போடவா, இல்ல இங்கயே கெடக்கட்டுமா, ஒரு வரி அனுப்பு.