காப்ஸ் லாக் விளக்கைப் பார்த்தாயா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மகள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட உட்கார்ந்தால் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது, நான்கு தடவை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன் என்று எழுதியிருந்தாய். போன மாதம் நானும் இதே பாடு பட்டேன். இன்ஸ்டால் பண்ணும் பென்டிரைவை அழித்து அழித்து எழுதியே இரண்டு ராத்திரி போனது. இனிமேல் நின்றால் உடனே அணைக்காதே. முதலில் காப்ஸ் லாக்கைத் தட்டிப் பார். விளக்கு எரிந்து அணைந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, திரைதான் போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம்.

எனக்கு அப்படித்தான். லோகோ வந்ததும் திரை கறுத்துவிடும், விளக்கு மட்டும் எரிந்து அணையும். திரையின் ரெசல்யூஷனை அமைக்கும் வேலையை 2009 வாக்கில் கெர்னலே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. கிராபிக்ஸ் கார்டோடு அது ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆன் செய்ததும் வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'க்வயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு 'நோமோட்செட்' (ரெசல்யூஷனைக் கெர்னல் தொடவேண்டாம் என்று அர்த்தம்) என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 தட்டினேன். லோகோவுக்குப் பின்னால் மறைந்திருந்த வரிகள் மளமளவென்று ஓடின, இன்ஸ்டாலர் திறந்தது. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று இருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. போட்டு முடித்த பின் முதல் தடவை ஆன் செய்யும்போதும் அந்த 'நோமோட்செட்'டை மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. கார்டுக்கான டிரைவரைப் போட்டதும் எடுத்துவிட்டேன்.

ஆனால் உன் கதை வேறு என்றுதான் படுகிறது. ஃபைல்கள் காப்பியாகும்போது, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்கிறாய். அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் பென்டிரைவ், ரேம், ஹார்டு டிஸ்க் மூன்றின் மேல்தான். இறக்கிய ஐஎஸ்ஓவின், அதாவது லினக்ஸ் இன்ஸ்டால் ஃபைலின், ஷா256 எண்ணை (ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் அடையாள எண்), தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார், ஒரே நிமிட வேலை. ரேமுக்கு, அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிடு. அடுத்து நிற்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார். கறுப்புத் திரை வந்தால் 'சூடோ டிமெஸ்ஜி' என்று அடி, கெர்னல் எழுதிய செய்திகள் வரும். கடைசியில் 'ஐ/ஓ எரர்' (படிக்கவோ எழுதவோ முடியவில்லை) என்று வரிசையாக வந்தால் பக்கத்தில் எஸ்டிஏவா, எஸ்டிபியா என்று கவனி, லினக்ஸ் டிரைவ்களுக்கு வைக்கும் பெயர்கள் அவை. எது பென்டிரைவ், எது டிஸ்க் என்பதை 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளை காட்டும் கொள்ளளவை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்க்தான் என்று தெரிந்தால் இன்ஸ்டால் பண்ணுவதை அங்கேயே நிறுத்திவிடு. விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில்தான் போடுகிறாய் என்பதால் அம்மாவின் படங்கள் இன்னும் அதிலேயே இருக்கும். பார்ட்டிஷன் மாறும் நேரத்தில் பவரை வெட்டினால் அவையும் போய்விடலாம். அதனால் இன்றைக்கே லைவ் திரையை (இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) திறந்து படங்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடு. மற்ற சோதனையெல்லாம் அதற்கப்புறம்.

அந்தக் கடைசி வரிகளைப் போனில் படம் பிடித்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்