வெளஞ்ச கதிரும் பன்னிரண்டாவது இதழும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. என் அக்கா அவசரப்பட்டு ஏறி மறுபடி வலியை இழுத்துவைத்துக்கொண்டாள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி கேட்டிருந்தாய், அச்சுக்குப் போகாமலே நின்ற நம் பத்திரிகையின் பன்னிரண்டாவது இதழுக்கு அடித்து வைத்ததில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்புவனம் பக்கம் போனேன். அப்படியே, அந்த இதழுக்காக நாம் கேசட்டில் பாட்டுப் பதிந்த நம் பாட்டியின் ஊருக்கும் போய்வந்தேன். பாட்டி போய்ப் பதினேழு வருஷம் ஆகிவிட்டதாம். கம்மாயில் பாதிக்கு மேல் சீமைக்கருவேல். நடவுக்கு மெஷின் வருகிறது. வரிசையில் நின்று பாட ஆள் இல்லை. அவள் பேத்தி காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள், “எங்க அப்பத்தா பாடுன பாட்டெல்லாம் உங்ககிட்ட இருக்குதாமே, பெரியப்பா?” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில் பயமாக இருந்தது, நிஜமாகவே இருக்கிறதா என்று.

அட்டைப்பெட்டி பரணில்தான் இருந்தது. கேசட் இரண்டும் பூஞ்சை பிடித்துப்போய் டேப் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினான்கு ஃப்ளாப்பி. அக்கா மகன் யூஎஸ்பியில் செருகுகிற ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி வந்தான். ஐந்துதான் திறந்தது. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த ஃபைலைத் திறக்க இப்போது என்னிடம் வழியில்லை. ஆனால் லே-அவுட்டில் போடுவதற்கு முன் மேட்டரைத் தனியாக டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்து வை என்று என்னை நச்சரிப்பாயே, அந்தப் பழக்கம் காப்பாற்றியது. பாட்டியின் பாட்டு பதினான்கு பக்கமும் டெக்ஸ்டாக இருந்தது, ஒரு பக்கம் தவிர.

திறந்து பார்த்தால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. அக்கா மகன் ஃபைல் கெட்டுப்போச்சு என்றான். கெடவில்லை என்று எனக்குத் தெரியும். பாமினி ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடிக்க என்ன தட்டுவோம், உன் விரலுக்கு இன்னும் நினைவிருக்கும்: ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி. கம்ப்யூட்டர் அந்த ஐந்தைத்தான் எழுதி வைத்துக்கொண்டது. ஜே இருக்கும் இடத்தில் ‘த’ படத்தையும், கே இருக்கும் இடத்தில் ‘ம’ படத்தையும் மாட்டிக் காட்டியது ஃபாண்ட். ஃபாண்ட் இல்லாத மெஷினில் அது வெறும் ஜே, கே. நாம் வருஷக்கணக்காக அடித்த அத்தனை கல்யாணப் பத்திரிகையும், காமராசர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆய்வேடும், நம் பதினோரு இதழும் உள்ளுக்குள் இப்படித்தான் இருந்தன.

இதில் எனக்கு மனசு கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் சொந்தமாக எண் தருகிற யுனிகோட், 1991-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கென்று அதில் 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாம் டிடிபி கடையில் சேர்வதற்கு முன்பே ‘த’வுக்குச் சொந்தமாக ஒரு எண் இருந்திருக்கிறது. ஆனால் விண்டோஸ் 2000 வந்து, அதோடு லதா ஃபாண்ட் வந்த பிறகுதான் சாதாரணக் கடையில் அதைத் தொட முடிந்தது. நாம் வைத்திருந்தது விண்டோஸ் 95. நடுவில் இருந்த அந்த ஒன்பது வருஷத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடித்தவற்றில் எவ்வளவு இப்படி ஆங்கிலக் குப்பையாகக் கிடக்கிறது என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. காகிதத்தில் அச்சானவை சரி, நூலகத்தில் எடுக்கலாம். நம் பன்னிரண்டாவது இதழ்போல அச்சுக்கே போகாதவை?

எழுத்துமாற்றிகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகவே. பாமினியைப் போட்டால் யுனிகோட் வந்துவிடும். நானும் அப்படித்தான் போட்டேன். முதல் வரியிலேயே ‘வௌ்ளாமை’ என்று வந்தது. அடுத்து ‘வௌ்ளாடு’, ‘வௌியே’. ஏன் என்று பிடிபட எனக்கு ஒரு நாள் ஆனது. நீ உடனே கண்டுபிடித்திருப்பாய்.

அந்த ஃபாண்டில் ‘கௌ’ எழுத என்ன செய்வோம்? ஒற்றைக்கொம்பு, க, பக்கத்தில் ‘ள’. ஔகாரக் குறிக்கென்று தனி விசை கிடையாது. பார்வைக்கு ‘ள’ மாதிரியே இருப்பதால் அதையே போட்டுவிடுவோம். டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, படிக்கிறவர் சரியாகத்தான் படிப்பார். ஆனால் மாற்றுகிற மெஷினுக்குக் கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வௌ’வா, ‘வெள’வா என்று எப்படித் தெரியும்? இணையத்தில் ‘வௌியீடு’, ‘வௌ்ளை’ என்றெல்லாம் பார்த்திருப்பாயே, எல்லாம் இப்படி வந்தவைதான். ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருப்பதும் இதே வகை. அப்படி அடித்த ‘ஒளவை’ தேடினால் அகப்படாது.

அக்கா மகன் கெட்டிக்காரன். ‘ள’வுக்கு அடுத்து ஒரு புள்ளியோ, கொக்கியோ, காலோ வந்தால் அது நிஜமான ‘ள’தானே மாமா என்றான். சரிதான். பைதானில் நாலு வரி புரோகிராம் எழுதினான். வெள்ளாமையும் வெள்ளாடும் திரும்பி வந்துவிட்டன. வேலை முடிந்தது என்று அவன் கிளம்பிப் போனான்.

முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து பாட்டைப் படித்தேன். ‘வௌஞ்ச கதிரு’ என்று இருக்கிறது. ‘வௌக்கு’ என்று இருக்கிறது. ‘கௌம்பி’, ‘கௌவி’. புத்தகத் தமிழில் விளைந்த, விளக்கு, கிளம்பி, கிழவி. அங்கே கொம்பே இல்லை, குழப்பமும் இல்லை. பாட்டி வாயில்தான் அது ‘வெளஞ்ச’, ‘வெளக்கு’, ‘கெளம்பி’, ‘கெளவி’ ஆகிறது. கொம்புக்கு அப்புறம் வெறும் ‘ள’. அவன் எழுதிய விதி புத்தகத் தமிழுக்கு அநேகமாகப் போதும். அவள் பேச்சுக்குப் போதவில்லை. அதற்காக எல்லாவற்றையும் ‘ள’ ஆக்கு என்றும் சொல்ல முடியாது. பாட்டில் மௌனமும் வௌவாலும் வருகின்றனவே. வாசித்து, அவள் குரலை நினைவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டியிருந்தது. பதிமூன்று பக்கத்தில் அறுபத்தோரு இடம். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவள் திண்ணையில் வெற்றிலை இடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

ஃபைலில் இல்லாத அந்த ஒரு பக்கத்துக்கு உன் புரூஃப் கிடைத்தது. சிவப்புப் பேனாவோடு. நீ கேசட்டைக் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் அடித்தது அது. ‘கண்மாய்’ என்று நான் அடித்ததை ஏழு இடத்தில் வெட்டி ‘கம்மா’ என்று எழுதியிருக்கிறாய். ஓரத்தில் பெரிதாக, “அவள் கம்மா என்றாள்.” அன்றைக்கு நான் உன்னோடு சண்டை போட்டேன், வெளியூர்க்காரனுக்குப் புரியாது என்று. நீ சொன்னதுதான் சரி. இப்போது அந்தப் பக்கத்தைப் போனில் அடித்தேன். ‘கம்மா’ என்று அடித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனால் அது தானாக ‘அம்மா’ ஆகிவிடுகிறது. ஏழு தடவையும். அப்புறம் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தேன்.

கம்ப்யூட்டரில் நான் இப்போது தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிட்டேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ, நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. நாம் பாட்டி ஊருக்கு முதலில் போனது 1999 பிப்ரவரி. அதே பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து இந்த விசைப்பலகையை முடிவு செய்தார்கள். பேப்பரில் செய்தி வந்ததும் நீ கடையில் ஒட்டி வைத்தாய். இனிமேல் எல்லோரும் ஒரே மாதிரி அடிப்பார்கள் என்று அன்றைக்கு எவ்வளவு பேசினோம்!

மதுரைத் திட்டத்தை நீ அப்போதே பார்த்திருக்கிறாய். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் தங்கள் நேரத்தில் பழைய இலக்கியங்களை இணையத்தில் தட்டிப் போட்டார்கள். அவர்களும் முதலில் வேறு எழுத்துமுறைகளில் போட்டு, பிறகு யுனிகோடுக்கு மாற்றினார்கள். ஆனால் குறளில் ஒரு எழுத்து பிசகினால் அச்சிட்ட புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்துவிடலாம். பாட்டியின் பாட்டுக்கு மூலப்பிரதி அவள் வாய்தான். அதைக் கேட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் நீயும் நானும். நமக்கும் வயசாகிறது, நண்பா. நம்மைப்போல டிடிபி போட்டவர்கள் பரணில் இன்னும் எத்தனை பெட்டி இருக்கும்! ஒவ்வொருவரும் இப்போதே இறக்கிப் பார்க்க வேண்டும். எந்த ஃபாண்டில் எந்த விசை என்று விரலில் நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே. கோயமுத்தூரில் உனக்குத் தெரிந்த பழைய கம்போஸ் ஆட்களிடம் நீயும் சொல்லு.

பதினான்கு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பேத்திக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். உன் கண் பட்டுத் திரும்பி வந்த பிறகு. பெரிய எழுத்தில்தான் எடுத்திருக்கிறேன், படுத்துக்கொண்டே படிக்கலாம். சிவப்புப் பேனா வைத்துக்கொள்.

பதினோராம் பக்கம் மேலிருந்து ஐந்தாவது வரியை மட்டும் முதலில் பார். அங்கே ‘பௌர்ணமி’ என்று இருக்கிறது. மெஷின் சரியாகத்தான் மாற்றியிருக்கிறது, நான் அடித்ததும் அதுதான். ஆனால் அவள் ‘பவுர்ணமி’ என்று பாடியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். மெட்டுக்கு அதுதான் உட்காருகிறது. அன்று கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டவன் நீ. நான் உன் வாயைப் பார்த்து அடித்தவன். நினைவிருந்தால் எழுது. நினைவில்லை என்றால், அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிட்டு எழுது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழன்