அம்புக்குறி ஒன்று போதாதுங்க

சாலைப் பணியைப் பார்க்கிற பொறியாளர்களுக்கும், வேலை எடுத்த ஒப்பந்தக்காரர்களுக்கும், மாற்றுப்பாதைப் பலகை நடுகிறவர்களுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து பழனிக்குக் காரில் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் மாமியார். காங்கயத்தில் டீ குடித்துவிட்டுத் தாராபுரம் சாலையில் ஏறினோம். ஊதியூர் மலை கண்ணில் படுகிற தூரத்தில் சாலைக்குக் குறுக்கே இரண்டு தார் டிரம், பின்னால் ஒரு மண்மேடு. டிரம்மில் சாய்த்திருந்த தகரத்தில் 'பாலம் வேலை, மாற்றுப்பாதை' என்று எழுதி, இடப்பக்கம் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

பழுதான பாலத்தை இடித்துத்தான் கட்டவேண்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை. அம்புக்குறி சொன்னபடி திரும்பினேன். இரண்டு கிலோமீட்டரில் ஒரு வேப்பமரம். அதனடியில் மூன்று தடம் பிரிகிறது. அங்கே பலகையும் இல்லை, டிரம்மும் இல்லை. செல்போன் மேப்போ விடாமல் யூ-டர்ன் எடு, யூ-டர்ன் எடு என்கிறது. அதைக் கேட்டால் மறுபடியும் அந்த மண்மேட்டில்தான் போய் நிற்கவேண்டும்.

குத்துமதிப்பாக ஒரு தடத்தில் விட்டேன். காங்கயம் பக்கத்து இட்டேரி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருபுறமும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், ஆளுயரக் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். கண்ணாடியை மடக்கியும் முள் கதவைக் கீறியது. அரை கிலோமீட்டர் போனால் எதிரில் ஒரு தேங்காய் லாரி ரிவர்ஸிலேயே வந்துகொண்டிருக்கிறது. அதுவும் எங்களைப் போல நம்பிப் போன வண்டிதான். கிளீனர் பையன் வேலியோரம் ஒண்டி நடந்துகொண்டு, "வா வா வா... ஓல்டான்!" என்று கத்துகிறான். லாரிக்கு வழிவிட நானும் ரிவர்ஸிலேயே வேப்பமரம் வரை வந்தேன். மாமியார் அதற்குள் கந்தர் சஷ்டிக் கவசத்தை இரண்டு முறை முடித்துவிட்டார்.

மரத்தடியில் ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருவர் நின்றிருந்தார். "ஏஞ்சாமி, பளனிக்குங்களா? காத்தாலிருந்து வர்றவங்கெல்லாம் இங்கதான் நின்னு முழிக்கறாங்க. சோத்துக்கைப் பக்கம் போங்க. நீங்க போன தடம் தோட்டத்துக்குள்ள போயி நின்னுக்கும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. பச்சைத் தென்னமட்டை ஒன்றை இழுத்துவந்து நாங்கள் போன தடத்தின் குறுக்கே போட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்தார். அதற்குப் பிறகு வந்த எந்த வண்டியும் அந்தப் பக்கம் போயிருக்காது.

சாலைகளுக்குத் தரவிதி வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் திருத்தி வெளியிட்ட எஸ்.பி.55 வழிகாட்டி உங்கள் மேசையிலேயே இருக்கும். சாலைப் பணியிடம் என்பது பள்ளம் தோண்டிய இடத்தில் ஆரம்பிப்பதில்லை, அதற்கு முன்பே எச்சரிக்கைப் பகுதி ஒன்று வேண்டும் என்கிறது அது. எங்களுக்கு எச்சரிக்கையும் தடுப்பும் ஒரே டிரம்மில் கிடைத்தன.

இதே தகவலைக் காங்கயத்திலேயே, தாராபுரம் சாலை பிரிகிற இடத்தில் எழுதி வைத்திருந்தால், நான் வெள்ளக்கோவில், மூலனூர் வழியாகப் போயிருப்பேன். சுற்றுதான், ஆனாலும் தார்ச்சாலை. லாரிக்காரரும் அப்படித்தான் போயிருப்பார். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் பக்கம் ஏறுகிற திம்பம் மலைப்பாதையைப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு, 2022-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் வந்த இரவுக் கட்டுப்பாடு வேறு. இருந்தும் அந்தப் பக்கம் போகிறவர்கள் மணியைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டே கிளம்புகிறார்கள். சாலையை மூடுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. வழியிருக்கும்போதே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், திருப்பிவிட்டால் கடைசிவரை கூட வாருங்கள். தடம் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்புக்குறி வேண்டும், இருட்டில் மின்னுகிற ஒட்டுத்தாளோடு. பலகை நடுவதற்கு முன் உங்களில் ஒருவர் அந்தப் பாதையில் ஒரு தடவை லாரியில் போய்ப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. காரில் வேண்டாம், லாரியில். உள்ளூர்க்காரர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தத் தடம் மழைக்குச் சேறாகும், எது தோட்டத்தில் முடியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

பழனியில் நல்ல தரிசனம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் அதே வழியில்தான் திரும்பினோம். வேப்பமரத்தடியில் வெளிச்சம் போட்டுப் பார்த்தேன். உங்கள் பலகை எதுவும் வந்திருக்கவில்லை. சனிக்கிழமை போட்ட மட்டை சக்கரம் ஏறி நார் நாராகக் கிழிந்து ஓரத்தில் கிடந்தது. அதே இடத்தில் வேறொரு பச்சை மட்டை, கல்லோடு.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கார்க்காரன்